ஒன்றையும் காணோம், முப்பத்தாறையும் காணோம்

வியாழன், இரவு.

திருவொற்றியூர் கணினி வகுப்பில் இன்று தேர்வு. தேறினால் எங்கள் பத்திரிகையின் புதிய தரவுப் பிரிவில் எனக்கு இடம் உண்டு. இல்லையென்றால் இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. எடிட்டர் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

கேள்வி சின்னது. 36-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களை எல்லாம் ஓர் அரேயில், அதாவது ஒரே பட்டியலில், வரிசையாகச் சேர்க்க வேண்டும். என் நிரல் முதல் தடவையே ஓடியது. 2, 3, 4, 6, 9, 12, 18. எனக்குத் திருப்திதான்.

பாடம் நடத்தும் யாஸ்மின் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், ஒன்ன காணோம்? முப்பத்தாறயும் காணோம்?"

"அது ரெண்டும் எப்பவும் இருக்கறதுதானேம்மா. தெரிஞ்சத எதுக்குப் போடணும்?"

"உங்களுக்குத் தெரியும். மிஷினுக்கு யாரு சொன்னது? பேப்பர்காரங்கள வெச்சிக்கினு ஒரே பேஜாரு சார்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எண்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் லூப்பை 2-இல் தொடங்கி 35-இல் நிறுத்தியிருந்தேன். யோசித்துச் செய்ததல்ல. எண்ணூர்ச் செய்திகளிலும் அப்படித்தான் வெட்டிவந்தேன். அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று ஜனங்கள் சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அந்த வரிகளை அடித்துவிட்டு, புதிதாக என்ன என்று கேட்பேன்.

திருத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் நேரம் முடிந்துவிட்டது. தேறவில்லை என்று எழுதும்போது யாஸ்மின் என் முகத்தைப் பார்க்கவில்லை. எடிட்டருக்கு நானே போன் செய்தேன். "சரி" என்றார், அவ்வளவுதான்.

சாப்பிடும்போது மனைவி தேர்வைப் பற்றிக் கேட்டாள். ஏழு எண்ணும் சரியாக வந்தது என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். விட்டுப்போன இரண்டைப் பற்றிக் காலையில் சொல்ல வேண்டும்.