மூன்றாவது ஆம்ப்ளிஃபயர்

மரியாதைக்குரிய கணவர் அவர்களுக்கு,

நானும் சிட்டுவும் அண்ணன் வீட்டில் நலம். நீங்களும், ஹாலில் நிற்கும் உங்கள் இரண்டு ஸ்பீக்கர்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் சொல்வதில் பாதியைக் கேட்கிறீர்கள், மீதியை நீங்களே இட்டுக்கட்டிக்கொண்டு சண்டைக்கு வருகிறீர்கள். எழுத்தில் அது நடக்காது. புரியாவிட்டால் திரும்பப் படித்துக்கொள்ளலாம்.

நண்பர்கள் முன்னால் உங்களை அவமானப்படுத்திவிட்டேனாம். வந்து மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாக அண்ணனிடம் சொன்னீர்களாம். அண்ணன் பாவம், என்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அண்ணி பாத்திரத்தை டொக்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. மன்னிப்புப் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் வெளியில் சொல்லிக்கொண்டு திரிவது வேறு கதை என்று கேள்வி.

அந்த ஸ்பீக்கர்கள் வந்த நாளிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபயரில்தான் பாடின. நன்றாகத்தான் பாடின. போன வருஷம் திடீரென்று பாட்டு மந்தமாக இருக்கிறது என்று ஆரம்பித்தீர்கள். போர்வைக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கிறதாம். இவ்வளவு பெரிய ஸ்பீக்கரைத் தள்ள அந்த ஆம்ப்ளிஃபயருக்குத் தெம்பு போதாதாம். கடை கடையாக ஏறி இறங்கி, வாட்ஸ் கணக்கெல்லாம் கேட்டு, ஒன்றை வாங்கி வந்தீர்கள். ஒரு வாரம் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினீர்கள். அப்புறம் அதுவும் மந்தம்.

இரண்டாவது, பழைய காலத்து ரேடியோ மாதிரி வால்வு போட்டது. அது பாடியதைவிடக் கொதித்ததுதான் அதிகம். அதில்தான் நீங்கள் கீச்சுச் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை அது போகும் எல்லைவரை திருகி வைத்தீர்கள். ஜால்ரா தட்டும் இடமெல்லாம் தட்டைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம். சிட்டு வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறை மூலைக்குப் போய், ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் எழுதினாள். உங்களிடம் சொன்னேன். ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினீர்கள். இன்னும் மந்தமாகத்தான் இருக்கிறது என்று கடைக்காரரிடமும் போய்ச் சண்டை போட்டீர்கள்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். பேப்பரில் அச்சு சரியில்லை, இப்போதெல்லாம் மை குறைவாகப் போடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். யாரும் தன் கண்ணில் கோளாறு என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருவதில்லை. அதனால்தான் ஒரு நாள், சண்டை போடும் எண்ணமே இல்லாமல், ஒரு தடவை காது டாக்டரிடம் போய் வரலாமே என்றேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிரஸ் ஷாப்பில் நிற்கிறீர்கள். தகடு வெட்டுகிற அந்தச் சத்தத்துக்கு நடுவில் வாசலில் நின்று உங்களைக் கூப்பிடவே எனக்குத் தொண்டை வறண்டுவிடும். கம்பெனி கொடுத்த காதடைப்பான் பாக்கெட் பிரிக்காமல் மேஜை டிராயரில் கிடக்கிறது. எனக்குத்தான் தலைக்கு டாக்டர் வேண்டும் என்றீர்கள். அதோடு அந்தப் பேச்சை விட்டேன்.

சிட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் பேசும்போதெல்லாம் வாயைத் திறந்து பேசு, முணுமுணுக்காதே என்று எரிந்து விழுகிறீர்கள். அவள் பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பேசுகிறவள். உங்களிடம் மட்டும் எதற்கு முணுமுணுக்கப் போகிறாள்? ஒன்றை மூன்று தடவை சொல்லி, மூன்றாவது தடவை திட்டும் வாங்குவதற்குப் பதில் பேசாமலே இருந்துவிடலாம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

இனி அந்தத் தகடு. ஆமாம், நான்தான் கழற்றினேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் மேலும் கீழுமாக இரண்டு ஜோடித் திருகுகள், நடுவில் இரண்டையும் இணைக்கும் பித்தளைத் தகடு. அதை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் ஊமையாகிவிடும் என்று வாங்கின புதிதில் நீங்கள்தான் எனக்குப் பாடம் நடத்தினீர்கள். நீங்கள் ஷிஃப்டுக்குப் போன நேரத்தில் சிட்டு டார்ச் பிடிக்க, இரண்டு ஸ்பீக்கரிலும் கழற்றி, பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தேன். கீச்சென்ற சத்தம் நின்றது. குழந்தை ஹாலுக்கு வந்து உட்கார்ந்து எழுதினாள். உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்போதும்போல மந்தம் என்றுதான் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் மூன்றாவது. இரண்டு ஆள் பிடித்துத் தூக்க வேண்டிய கனம். போட்ட அன்றே முகம் மலர்ந்துவிட்டது உங்களுக்கு. இப்போதுதான் ஸ்பீக்கரின் உண்மையான குரல் கேட்கிறது என்றீர்கள். மேலே தனித்தனியாக மணி உருட்டின மாதிரி விழுகிறது என்றீர்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேலே இருந்து எதுவும் வரவில்லை, மேல் ஸ்பீக்கர் ஊமையாகி நாளாகிவிட்டது. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள். சொன்னால் என்ன செய்திருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் நண்பர்களைக் கூட்டிவந்து ஹாலில் வட்டமாக உட்கார வைத்துவிட்டீர்கள். பாட்டு ஆரம்பித்ததுமே அவர்களில் ஒருவரான தாடிக்காரர் எழுந்து போய் ஸ்பீக்கரின் மேல்பக்கம் காதை வைத்தார். மேலே செத்துக் கிடக்கிறதே, இதையா இத்தனை நாள் கேட்கிறாய் என்றார். பின்னால் எட்டிப் பார்த்துத் தகடு இல்லை என்று கண்டுபிடித்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் மறைக்கவில்லை, கழற்றியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி என்னைப் பேசினீர்கள். சிட்டு டார்ச் பிடித்தாள் என்று தெரிந்ததும் அவளோடும் பேச்சை நிறுத்தினீர்கள். அந்தப் பிள்ளை காலையில் உங்கள் முன்னால் வந்து நின்றுவிட்டு, நீங்கள் நிமிராததைப் பார்த்துவிட்டுப் போவாள்.

இந்தப் பேச்சுக்காக நான் வீட்டைவிட்டு வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வாய் எனக்குப் பழக்கம். அதற்கெல்லாம் வீட்டைவிட்டு வருவதென்றால் நான் எப்போதோ வந்திருக்க வேண்டும். நான் வந்தது அந்த வாரத்தில் நடந்த இன்னொன்றுக்காக. பாத்ரூம் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு சிட்டு உள்ளே மாட்டிக்கொண்டாள். நீங்கள் ஹாலில் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கொண்டு ஆம்ப்ளிஃபயருக்கு வயர் மாற்றிக்கொண்டிருந்தீர்கள். பாட்டுகூட ஓடவில்லை. அவள் கூப்பிட்டதும் கதவைத் தட்டியதும் கீழ்வீட்டு அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. அவள் மேலே ஓடிவந்து பெல்லை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். கடையிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்து என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தால், நீங்கள் ஸ்க்ரூடிரைவரோடு நிமிர்ந்து, என்ன இன்றைக்குச் சீக்கிரம் என்று கேட்டீர்கள். பாத்ரூம் கதவை நெம்பித் திறந்தபோது சிட்டு அழுது முடித்திருந்தாள். அன்றிலிருந்து உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. போனைக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. நான் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதாக நினைக்காதீர்கள். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்கே பிடிபடவில்லை.

ஆகையால் மன்னிப்பு இப்போதைக்குக் கிடையாது. காது டாக்டரிடம் போய்ப் பாருங்கள், அவர் சொன்னதை எழுதுங்கள். அதன் பிறகு பேசலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் இருக்கும் பழைய குழம்பைக் கொட்டிவிடுங்கள், அதையும் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கப் போகிறீர்கள்.

இப்படிக்கு,
ரசனை கெட்ட மனைவி


சிட்டுவின் அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. எழுத உனக்கு நிறைய நேரம் இருக்கிறது என்று தெரிகிறது. நான் இங்கே ஷிஃப்டும் பார்த்து, சமையலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செய்த வேலையைச் செய்துவிட்டு, அதற்கு என் காதைக் குறை சொல்லிச் சப்பைக்கட்டு கட்டுகிறாய். தகட்டைக் கழற்றினால் எந்த ஆம்ப்ளிஃபயர்தான் நன்றாகப் பாடும்? நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதன் பேஸை, அடியில் அதிர்கிற அந்தக் கனத்த சத்தத்தைப் பற்றி. தாடிக்காரன் இப்போது எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். கேன்டீனில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். என் மானத்தை வாங்கிவிட்டு எனக்கே வைத்தியம் சொல்ல வந்துவிட்டாய்.

என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. எந்த மிஷினில் தகடு வெட்டும் டை தளர்ந்திருக்கிறது என்று ஷாப்புக்குள் நுழையும்போதே சத்தத்தை வைத்துச் சொல்கிறவன் நான். மேனேஜரே என்னைக் கூப்பிட்டுத்தான் கேட்பார். டாக்டரிடம் போய் உட்கார எனக்கு அவசியம் இல்லை.

பாத்ரூம் விஷயத்திலும் என்னைக் குற்றவாளி ஆக்காதே. சிட்டு கூப்பிடவே இல்லை. கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்காமல் போக நான் என்ன செவிடா? கீழ்வீட்டு அம்மா பெல் அடித்ததாகச் சொல்வதும் பொய். அவளுக்கு அடுத்த வீட்டு விவகாரம் என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. எனக்குக் காது நன்றாகக் கேட்கும், இதைச் சிட்டுவிடமும் தெளிவாகச் சொல்லிவை. அப்பா செவிடு என்று நீ அவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாலாவதற்குச் சொல்லியிருக்கிறேன். அதையும் ஒழுங்காகக் கொண்டுவந்து தர ஆளில்லை. கூரியர்காரன் மூன்று நாள் வந்தானாம், கதவைத் திறக்க யாரும் இல்லையாம், பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டானாம். மூன்று நாளும் லீவு போட்டு ஹாலைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவன் நான். ஈ காக்கை வரவில்லை. கூரியர் கம்பெனியைக் கிழிகிழியென்று கிழித்து எழுதியிருக்கிறேன். வாஷிங் மெஷினும் துவைத்து முடித்ததும் கூவுவதை நிறுத்திவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டான். யாருக்கும் வேலையில் அக்கறை கிடையாது.

குழம்பைக் கொட்டிவிட்டேன். பாத்ரூம் தாழ்ப்பாளை மாற்றிவிட்டேன், வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி. அவள் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காது கேட்கும் கணவன்


சிட்டுவின் அப்பாவுக்கு,

கூரியர்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பெல் அடித்துவிட்டு நின்றதைக் கீழ்வீட்டு அக்கா மாடிப்படியிலிருந்து பார்த்திருக்கிறாள். தானும் ஒரு தடவை அடித்துப் பார்த்தாளாம். பெல் நன்றாக வேலை செய்கிறது. வாஷிங் மெஷினும் கூவிக்கொண்டுதான் இருக்கும், அந்த மெக்கானிக்கைத் திட்டாதீர்கள்.

இதைச் சொல்லி உங்கள் மூக்கை உடைக்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். நீங்கள் எழுதியதைப் படித்த கோபம் அப்படி. ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்துவிட்டது.

உங்கள் கடிதம் வந்தபோது நான் கடையில் இருந்தேன். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் தனக்கும் ஏதாவது எழுதியிருப்பீர்கள் என்று சிட்டு பிரித்துவிட்டாள். முழுக்கப் படித்துவிட்டாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் வந்து நின்றாள்.

"அப்பாவுக்குக் காது நல்லாக் கேக்குமாம். அப்போ அன்னைக்கு நான் கூப்பிட்டதும் கேட்டிருக்கு, இல்லம்மா?" என்றாள்.

இல்லை என்றேன். அப்பாவுக்குச் சின்னச் சத்தமெல்லாம் கேட்பதில்லை, அது அவருக்கே தெரியவில்லை என்றேன். அவரே எழுதியிருக்காரே என்றாள். நான் எதைச் சொன்னாலும் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். கடைசியில் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி ஒன்று சொன்னாள்.

"நான் டார்ச் புடிச்சேன்ல, அதுக்குத்தாம்மா. அதான் வந்து தொறக்கல."

அவளுக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. இருந்தால்கூடத் தேவலை. தான் செய்ததற்கு அப்பா கொடுத்த தண்டனை அது, சரியான தண்டனைதான் என்று அந்தக் குழந்தை இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருந்து கூப்பிடுவதை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். போதும் என்று அப்பா நினைக்கும்போது திறப்பார் என்று உட்கார்ந்துவிட்டாளாம்.

நான் இனி எவ்வளவு சொன்னாலும் எடுபடாது. உங்கள் காது எவ்வளவு கூர்மை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். தாடிக்காரரிடம், கடைக்காரரிடம், மேனேஜரிடம், என்னிடமும் சொல்லுங்கள், நான் மறுத்துப் பேசவில்லை. மன்னிப்புதானே வேண்டும், எத்தனை பேரைக் கூட்டி வைத்தாலும் அத்தனை பேர் முன்னாலும் கேட்கிறேன். இவள் ஒருத்தியிடம் மட்டும் வந்து, அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். எழுதி அனுப்பாதீர்கள், போனிலும் வேண்டாம். அவள் எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள். அவள் ஏதாவது பதில் சொன்னால், உங்களுக்குக் கேட்கிற மாதிரி எடுத்துச் சொல்ல நான் பக்கத்திலேயே இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி