கடை நம்பருக்கு மேலே ஒரு படம்

இறந்தவர்களைக் கிடத்தும் குளிர்பெட்டியை வாடகைக்கு விடும் பாலகணேஷ், துறைமுகம் பக்கம் ஒரு துட்டி வீட்டுக்குப் பெட்டி கொண்டுபோயிருந்தார். கூகுளில் கடை மேலே வர வேண்டுமென்று, இறந்தவர்களின் பெயரையும் படத்தையும் வெப்சைட்டில் ஏற்றி, அடியில் கடை நம்பரைப் போட்டுவந்தது அவருடைய யோசனைதான். அவர் மனைவி முருகேஸ்வரி பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், பேனா கிழித்துவிடும் போல அழுத்தி எழுதினாள்.

"சோறு வடிச்சாச்சு. குளிச்சிட்டுச் சாப்பிடுங்க, துட்டி வீட்டுத் துணியோட அடுப்படிக்குள்ள வராதிய. சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. நான் சாயர்புரம் போறேன். போன வாரம் பெட்டி அனுப்புனோமே, அந்தச் செல்வலட்சுமியோட அம்மா காலையில போன் பண்ணி அழுதா. மக படத்தைப் பாக்கணும்னு பேரைப் போட்டுத் தேடினாளாம். முதல்ல நம்ம கடைதான் வந்துச்சாம். தேடுதது பெத்தவளா இருக்கும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையா? எல்லார் பக்கத்தையும் அழிச்சிட்டேன். வந்து என்கிட்ட சண்டை போடாதிய."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள். அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"நம்ம செந்தூர்வேலுக்கும் ஒரு பக்கம் போட்டிருக்கிய. நம்ம பெட்டியிலேயே நாம கிடத்தின பிள்ளை. பேரை அடிச்சதும் சிரிச்சுக்கிட்டு வந்து நிக்கான். அதை அழிக்க எனக்குக் கை வரலை. கடை நம்பரை மட்டும் எடுத்துட்டேன்."