கோப்பை கிடைக்காத அழுகை

அக்கா,

தெமோதரை ஸ்டேஷனில் வாங்கிய வாரப் பத்திரிகையில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். பேசும் படம் வந்த காலத்திலேயே பரிசு கொடுக்கும் வழக்கம் இருந்திருந்தால், எந்தப் படத்துக்கு, யாருடைய நடிப்புக்குக் கொடுத்திருக்க வேண்டும்? வாசகர்கள் எழுதலாமாம். ரயில் வரும்வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "உந்தக் கேள்வியைக் கேக்கிறவனுக்கு என்ன லாபம்?" என்றுதான் தொடங்கியிருப்பீர்கள்.

பதுளைத் தியேட்டர் முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டனுப்பியபோதும் அப்படித்தான் தொடங்கினீர்கள். பழைய படங்களை ஒரு வாரம் ஓட்டி, சிறந்த நடிப்புக்கு வெள்ளிக் கோப்பை கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். தீர்ப்புச் சொல்ல ஐந்து பேர். ஒரு வக்கீல், ஒரு ஜவுளிக்கடைக்காரர், டவுன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். அவர்களோடு தேயிலைத் தோட்டத்து மிட்வைஃப் நீங்கள், தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் நான். தோட்டமே உங்களை மிஸ்ஸி என்று கூப்பிட்டது. எனக்கு மட்டும் நீங்கள் அக்கா.

"பதுளையிலை ஆக்கள் இல்லையே? எங்களை ஏன் கூப்பிட்டவர்? பொம்பிளையள் படம் பாக்க வரவேணும் எண்டுதானே?" என்றீர்கள். பஸ்ஸில் போகும்போது இன்னொன்றும் சொன்னீர்கள். இந்தப் பழைய படங்களில் பாட்டுப் பாடியே பேர் வாங்கிய கதாநாயகர் ஒருவரின் புதுப்படம் பொங்கலுக்கு அதே தியேட்டரில் வருகிறது, கோப்பை அவருக்குத்தான் என்று எப்போதோ முடிவாகியிருக்கும் என்று. நான் நம்பவில்லை.

படம் பார்க்கும்போதும் உங்கள் சந்தேகம் ஓயவில்லை. ஒரு ராஜசபைக் காட்சியில் என் தோளைத் தட்டினீர்கள். "உந்தப் பூச்சாடியை வடிவாப் பாரும். ராசா, மந்திரி எல்லாரும் அதோடைதான் கதைக்கினம். மைக் அதுக்குள்ளை இருக்கு." அதன்பிறகு அந்த ராஜாவை என்னால் ராஜாவாகவே பார்க்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அந்த வாரத்தின் கடைசிப் படத்தில்தான் அந்தப் பெண் வந்தார். பெயர் போடும்போது அவர் பெயரே இல்லை. அரண்மனைப் பணிப்பெண் வேடம். இறந்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுகிற ஒரே ஒரு காட்சி. பாட்டு இல்லை. தியேட்டரே விம்மியது. நானும் அழுதேன். திரும்பிப் பார்த்தால், நீங்கள் அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

படம் முடிந்து முதலாளியின் அறையில் உட்கார்ந்தோம். வக்கீலும் ஜவுளிக்கடைக்காரரும் கதாநாயகர் பக்கம். ஹெட்மாஸ்டரும் நானும் அந்தப் பெண்ணின் பக்கம். முடிவு உங்கள் கையில் இருந்தது. உங்களை எனக்குத் தெரியும் என்று நிம்மதியாக இருந்தேன்.

"அது நடிப்பில்லை" என்றீர்கள்.

எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள்.

"அவளின்ரை சட்டை முன்பக்கம் நனைஞ்சிருக்கு. பால் கட்டியிருக்கு. பிள்ளை பெத்துக் கன நாள் இல்லை. குடிக்கப் பெத்த பிள்ளையும் இல்லை. அவள் உண்மையா அழுதிருக்கிறாள்."

ஹெட்மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நெசமாவே இருக்கட்டும் அக்கா. அழுதுகிட்டே வசனத்தச் சரியாச் சொன்னாங்கள்ல? வெளிச்சத்துப் பக்கம் திரும்புனாங்கள்ல? எங்கம்மா என் தம்பியப் பொதைச்ச மறுநாளே வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனாங்க. கூடையத் தூக்கிக்கிட்டு மலை ஏறுனாங்க. அவங்களுக்கு யாரும் கப்பு குடுக்கல. இவங்களுக்காச்சும் குடுங்களேன்."

முதலாளி இடையில் புகுந்தார். "அழுகைக்கே கப்பு விழுந்தாலும் நமக்கு நல்லதுதாங்க. அந்தத் துண்ட மட்டும் வெட்டி எடுத்து எல்லா ஷோவுக்கும் முன்னால ஓட்டிரலாம். பொம்பளைங்க கூட்டம் அள்ளிக்கிட்டு வரும்."

நீங்கள் என்னைத்தான் பார்த்தீர்கள். "டீச்சர், படம் பிடிச்சவன் ஏன் நிப்பாட்டேல்லை?" என்று கேட்டீர்கள். பிறகு கோப்பையைக் கதாநாயகருக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டீர்கள்.

மழை பிடித்துக்கொண்டது. முதலாளி காரைக் கொண்டுவரச் சொன்னார். நீங்கள் ஏறினீர்கள். என்னையும் கூப்பிட்டீர்கள். நான் பஸ்ஸில் வந்தேன்.

சந்தேகப்பட நீங்களே கற்றுக்கொடுத்திருந்தீர்கள். அடுத்த மாதம் உங்கள் குவாட்டர்ஸில் புது ரேடியோ பாடியது. உங்கள் சம்பளத்தில் வாங்கியிருக்கலாம். உங்கள் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பியிருக்கலாம். நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. பாதையில் கண்டால் சிரித்தோம், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் மேல் லயத்து வரிசை வீடுகளில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. கூப்பாடு கேட்டு நானும் ஓடினேன். வாசலில் கூட்டம். உள்ளே எட்டிப் பார்க்க ஆளை ஆள் தள்ளிக்கொண்டு நின்றார்கள். சுடுதண்ணீர்ச் சட்டியோடு நான் படியேறியபோது, சட்டியை வாங்கிக்கொண்டு என்னையும் வெளியே தள்ளினீர்கள்.

"வெளியிலை நில்லும். இது பாக்கிறதுக்கு இல்லை."

கதவைச் சாத்திவிட்டீர்கள். அந்த அழுகையைக் கதவுப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கேட்டேன்.

மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் பெரிய கங்காணிக்கு எதிரே நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். "அவளை வேலைக்குக் கூப்பிடக் கூடாது. நான் சொல்லும்வரைக்கும் அவள் மலைக்கு வரமாட்டாள்" என்றீர்கள். "தொரைகிட்ட நான் என்னாங்க சொல்றது மிஸ்ஸி?" என்று அவர் இழுத்தார். "துரையை என்னட்டை வரச் சொல்லும்." துரை வரவில்லை. அந்தப் பெண்ணும் மலைக்குப் போகவில்லை. என் அம்மாவுக்கு அப்படிச் சொல்ல யாரும் இருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்று பின்னேரம் உங்கள் குவாட்டர்ஸுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்தேன். ரேடியோவைப் பற்றி அப்போதும் கேட்கவில்லை.

அந்தக் கோப்பை விஷயத்தில் எனக்கு இன்னும் சமாதானமில்லை, அக்கா. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன். பெயரே போடாத ஒருத்திக்கு நாமும் பெயர் கொடுக்கவில்லை. அந்தத் துண்டு ஊரெல்லாம் ஓடாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது உங்களால்தான் என்பதையும் மறுக்கமாட்டேன். இரண்டையும் சேர்த்துவைத்து முடிவெடுக்க எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

போன மாதம் பள்ளிக்கூடத்துப் பெண்களோடு பதுளைக்குப் படம் பார்க்கப் போனேன். குழந்தையைப் பறிகொடுத்த தாயாக ஒரு நடிகை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். தியேட்டரே கண்ணைத் துடைத்தது. எனக்கு அழ வரவில்லை. அந்த முகத்தையும், கழுத்தையும், கைகளையும் பயத்தோடு தேடித் தேடிப் பார்த்தேன். கன்னத்தில் கிளிசரின் ஒரே சீராக வழிந்தது. மூச்சு அவர் வசத்தில் இருந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நடிக்கிறார், ஒன்றும் ஆகவில்லை, வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார்.

அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தபோது, நான் ஒருத்தி மட்டும் கைதட்டினேன்.