உதடு அசைந்த குற்றம்

சாமி துணை
மார்ச் 4

என் அண்ணன் மகன், என் மருமகனுக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்க இன்னைக்கு மனசு வரல. ஆனாலும் உன்னையும் உன் பொண்டாட்டி பிள்ளையையும் சாமி நல்லா வைக்கட்டும். போன்ல பேசினா 'மீட்டிங்ல இருக்கேன் அத்தை'ன்னு வச்சிடுவ. காகிதத்தை அப்படி வைக்க முடியாதுல்ல, அதான் எழுதறேன்.

உங்க காலேஜ்ல இருந்து ரிசல்ட் வந்துச்சு. சைபர். குழந்தைப் பராமரிப்புப் படிப்பை ஆறு மாசம், காப்பகத்து வேலை முடிஞ்சு வந்து, சாப்பாட்டு மேஜையில என் வீட்டு மருமகளோட லேப்டாப்பைத் திறந்து வச்சுப் படிச்சேன். பதில் தெரியாம சைபர் வாங்கியிருந்தா வாயை மூடிக்கிட்டு இருப்பேன். காப்பி அடிச்சேனாம். வீட்டுல நான் பரீட்சை எழுதினதைக் கேமராவுல பார்த்த உங்க மெஷின் எழுதியிருக்கு: 'தேர்வர் முப்பத்தேழு முறை வலப்பக்கம் பார்த்தார். உதடுகள் தொடர்ந்து அசைந்தன. அறையில் வேறொருவர் இருந்ததாகச் சந்தேகம்.'

ஆமாடா, இருந்தார். வலது பக்கம் ஃப்ரிட்ஜுக்கு மேல சாமி படம் இருக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னாடி ஒரு தடவை பார்த்துக்குவேன். மொத்தம் நாப்பது கேள்வி. மூணு கேள்விக்கு அவரைத் தொந்தரவு பண்ணல, அவ்வளவு சுலபம். அவர் பதில் சொல்லிக் கொடுத்திருந்தா நான் ஏன் அஞ்சாவது கேள்வியில பத்து நிமிஷம் முழிக்கிறேன்?

பதினோரு வருஷமா கைக்குழந்தைங்க அறையில இருக்கேன். எந்தக் குழந்தை பசியில அழுது, எது தூக்கத்துக்கு அழுதுன்னு கதவுக்கு வெளிய நின்னே சொல்லுவேன். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள சான்றிதழ் இல்லன்னா குழந்தையைத் தொடக்கூடாது, துணி துவைக்கிற அறைக்குப் போன்னு மேனேஜர் அம்மா சொல்லிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, சட்டம் அப்படி.

உன் பாடத்தையும் சொல்லிடறேன். ஒரு வீடியோ ஒரு மணி நேரம். நீ தலையைத் தூக்காம ஸ்லைடைப் படிக்கிற. கேள்விப் பெட்டின்னு ஒண்ணு வச்சிருக்கியே, அதுல ஏழு கேள்வி போட்டேன். கிணத்துல கல்லு போட்டாக்கூட சத்தம் கேட்கும்.

பதில் எழுது.

உன் அத்தை


மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் தேர்வுக் கண்காணிப்பு முழுக்க முழுக்க மென்பொருளின் வேலை. அதில் யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது. இந்த முறை நாற்பத்தொரு பேருடைய தேர்வுகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஆயிரம் பேர் வீட்டிலிருந்தே தேர்வெழுதும்போது வேறு வழியில்லை. நீங்கள் என் அத்தை என்பதாலேயே நான் தலையிட முடியாது. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

இணையதளத்தில் மேல்முறையீட்டுப் படிவம் இருக்கிறது. அல்லது நவம்பரில் மறுபடியும் எழுதலாம். அப்போது படத்தைக் கொஞ்சம் தள்ளி மாட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
பொறுப்பாளர், இணையவழிப் படிப்புகள்


மார்ச் 13

மதிப்புக்குரிய பொறுப்பாளர் அவர்களுக்கு,

மாணவி எண் 118 வணக்கத்தோட எழுதிக்கிறேன்.

சாமியைத் தள்ளி மாட்டணுமாம். இதை நான் உங்க அப்பன்கிட்ட சொல்லல. எங்க அண்ணன் காதுல விழுந்தா தாங்க மாட்டார்.

படிவத்தை நிரப்பினேன் சார். 'உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. முடிவில் மாற்றமில்லை'ன்னு ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு. ரெண்டு நிமிஷத்துல நான் ஒரு குழந்தைக்கு டயப்பர்கூட மாத்த மாட்டேன்.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கல. மூணாவது படிக்கும்போது நீ உதட்டை அசைக்காம ஒரு வரி படிக்க மாட்ட. பரீட்சையில பக்கத்துப் பையன்கிட்ட பதில் கேட்கிறேன்னு வாத்தியார் உன்னை வெளிய நிறுத்திட்டார். கால்சட்டை நனைஞ்சு நின்ன. உங்க அம்மா அழுதுகிட்டு வீட்டுல உட்கார்ந்துட்டா. நான்தான் போனேன். நான் ஏழாவதோட படிப்பை நிறுத்தினவ. ஆனாலும் கேட்டேன். 'சார், கிட்ட போய் அவன் என்ன சொல்றான்னு ஒரு தடவை கேட்டீங்களா?' அவர் வந்து குனிஞ்சு கேட்டார். கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருந்த. அவர் அன்னைக்கே உன்னை உள்ள உட்கார வச்சார். அந்த மனுஷன்கிட்ட மெஷின் இல்ல. காது இருந்துச்சு.

என் அறையில வேலை செய்ற சின்னப் பொண்ணும் உங்க நாப்பத்தொண்ணுல ஒருத்தி. பரீட்சை நேரத்துல அவ பிள்ளை அழுதுச்சு, மடியில போட்டுப் பால் கொடுத்துக்கிட்டே எழுதினா. 'கீழே பார்த்தார்'னு போட்டிருக்கு. குழந்தையைப் பார்த்ததுக்கு குழந்தைப் பராமரிப்புல சைபர். நல்லா இருக்கு உங்க படிப்பு.

எனக்கு நீ சலுகை காட்ட வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். அந்த வீடியோவை யாராவது பார்த்தீங்களா? பார்த்தது யாருன்னு மட்டும் எழுது.

மாணவி எண் 118


மார்ச் 24

அத்தை,

யாரும் பார்க்கவில்லை.

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் மேஜையில் கிடந்தது. நேற்று மதியம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் தேர்வை முழுதாகப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம். ஒலியைக் கூட்டி வைத்தேன். சாமி பெயரைச் சொல்கிறீர்கள், பிறகு கேள்வியை இரண்டு முறை படிக்கிறீர்கள். குழந்தைக்கு மூச்சடைத்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி வந்ததும் மேஜைத் துணியைச் சுருட்டிக் கையில் கவிழ்த்துப் போட்டு, முதுகில் தட்டிப் பார்த்து, அதன் பிறகு பதிலைக் குறிக்கிறீர்கள். இருபத்திரண்டாவது கேள்வியில், 'இது அவன் கொட்டாவி விட்டானே, அதுக்கு அடுத்து சொன்னது' என்கிறீர்கள். ஆறாவது பாடத்தைப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தோராவது நிமிடத்தில் கொட்டாவி விடுகிறேன். பதில் அதற்கு அடுத்து இருக்கிறது.

கேள்விப் பெட்டியையும் திறந்தேன். உங்கள் ஏழு மட்டுமல்ல, முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் இருக்கின்றன.

திருத்தியதில் உங்களுக்கு நாற்பதுக்கு முப்பத்தாறு. நாளையே மாற்றிப் போட்டுவிடுகிறேன், யாருக்கும் தெரியத் தேவையில்லை. மற்றவர்கள் விஷயத்தைக் கொஞ்சம் பொறுத்துத்தான் செய்ய வேண்டும். அடுத்த வாரம் இந்தக் கண்காணிப்பு முறையைப் பார்க்கப் பிற கல்லூரிக்காரர்கள் வருகிறார்கள். நாற்பத்தொரு பேரைப் பிடித்ததைத்தான் எங்கள் முதல்வர் பெருமையாகக் காட்டப்போகிறார்.

மருமகன்


மார்ச் 27

டேய்,

அந்த மார்க்கைத் தொட்டா நான் உனக்கு அத்தை இல்ல.

யாருக்கும் தெரியாம மாத்தறதுக்குப் பேர்தான் காப்பி. அதைத்தான் நான் பண்ணலன்னு சொல்றேன். எனக்கு எழுதத் தெரியும், என் மருமகன் நீ அங்க இருக்க, அதனால ஒன்றரை மணி நேரம் கிடைச்சுது. மத்த நாப்பது பேருக்கு அங்க மருமகன் இல்லையே. அவங்க வாயில என்ன இருந்துச்சுன்னு யார் கேட்பா?

பெருமையா காட்டுங்க. காட்டும்போது அந்தச் சின்னப் பொண்ணு பால் கொடுக்கிற வீடியோவையும் சேர்த்துக் காட்டுங்க.

நான் ஒண்ணாம் தேதி துணி அறைக்குப் போறேன். சோப்புத் தண்ணி என் கையை ஒண்ணும் பண்ணாது. சாமி பார்த்துக்கிட்டுதான் இருக்கார். முப்பத்தேழு தடவையும் அவரும்தான் என்னைப் பார்த்தார்.

118


ஏப்ரல் 20

மாணவி எண் 118 அவர்களுக்கு,

சென்ற தேர்வில் நிறுத்தப்பட்ட நாற்பத்தொரு பேருடைய காணொளிகளையும் இரண்டு ஆசிரியர்கள் முழுமையாகப் பார்த்தனர். முப்பத்தெட்டுப் பேர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்களுக்குரிய மதிப்பெண்கள் இத்துடன் வழங்கப்படுகின்றன. ஒருவரும் பார்க்காமல் தீர்ப்பளித்தது எங்கள் தவறு. அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம். இனி ஆசிரியர் ஒருவர் பார்க்காமல் எந்தத் தேர்வும் நிறுத்தப்படாது. பாடங்கள் பத்து நிமிடப் பகுதிகளாக மாற்றப்படுகின்றன. கேள்விப் பெட்டியில் இடப்படும் கேள்விக்கு இரண்டு நாளில் பதில் வரும்.

பொறுப்பாளர், இணையவழிப் படிப்புகள்

(கையெழுத்தில்) அத்தை, இதே கடிதம்தான் முப்பத்தெட்டுப் பேருக்கும் போகிறது. வந்திருந்த கல்லூரிக்காரர்கள் முன்னாலேயே எழுந்து, காணொளிகளை யாரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். முதல்வர் என்னிடம் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா?


சாமி துணை
ஏப்ரல் 25

மருமகனுக்கு,

காகிதம் வந்துச்சு, கூடவே சான்றிதழும் இருந்துச்சு. மேனேஜர் அம்மா படிச்சுப் பார்த்துட்டு, 'போங்க, உங்க பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு'ன்னாங்க. இருபத்து மூணு நாள் துணி அறையில இருந்துட்டுத் திரும்ப உள்ள போனேன். ஒண்ணு என்னைப் பார்த்து அழுதுச்சு. என்னை மறந்துடுச்சுன்னு அர்த்தம்.

அந்தச் சின்னப் பொண்ணு இல்ல. துணி அறையில கைக்குழந்தையை வச்சுக்க இடம் தரமாட்டாங்கன்னு முதல் வாரமே வேலையை விட்டுட்டா. வீட்டையும் காலி பண்ணிட்டா. உன் மன்னிப்பு அவ பழைய கதவுக்கு அடியில கிடக்குது, நேத்து போய்ப் பார்த்துட்டு வந்தேன். உள்ள எடுத்து வைக்கக்கூட ஆள் இல்ல. அவ புது விலாசத்தை நான் விசாரிக்கிறேன். நீயும் விசாரி. கிடைச்சா தபால்ல போடாத, நீயே கொண்டு போய்க் கையில கொடு.

ஞாயித்துக்கிழமை வா. சமைச்சு வைக்கிறேன். எனக்குக் கோபம் இன்னும் தீரல, வந்து உட்கார்ந்து வாங்கிக்கோ. இந்தத் தடவை முணுமுணுக்க மாட்டேன், சத்தமாவே திட்டுவேன். முழுசா கேட்டுட்டு அப்புறம் சாப்பிடு.

அத்தை