மதாமுக்கு எட்டும் உயரம்

2009 ஜனவரி 8, வியாழன்

மன்னிக்க வேண்டும். எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடப்பதில்லை. இந்த டைரி வெல்டிங் கேஸ் கம்பெனிக்காரர் பட்டறைக்குக் கொடுத்தது. முதலாளி புருஷோத்தமன், "கணக்குப் பொண்ணு, நீயே வச்சிக்கோ" என்று என் மேஜையில் போட்டுவிட்டார். வெள்ளைத் தாள் வீணாகிறதே என்றுதான் எழுதுகிறேன். வேறு திமிர் இல்லை.

தட்டாஞ்சாவடியில் எங்கள் பட்டறை முழுக்க இப்போது 'சொல்தா வண்டி' பேச்சுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். இவர் பெயர் தொமினிக், கருவடிக்குப்பத்தில் வீடு. பிரெஞ்சு வழக்கப்படி அவரை 'முசே' என்றும் அவர் பெண்டாட்டியை 'மதாம்' என்றும் கூப்பிடுவோம். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி சீட்டுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க், பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் வைக்கச் சொல்லியிருக்கிறார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அதிலேயே ஊர் ஊராகப் போய்த் தங்குவார்களாம்.

"வாசப்படி வச்சி ஒரு கோலம் போட்டா முடிஞ்சுது முசே" என்றார் முதலாளி.

"அதுக்கும் சேத்து பில்லு போடுவீயே" என்றார் அவர்.

ஜனவரி 12, திங்கள்

முசே இன்று என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்தார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். பட்டாளத்துக்குப் பிறகு பிரான்சில் டோல்கேட்டில் வேலையாம்.

"ஆகஸ்ட் மாசம் வந்தா இந்த மாதிரி வண்டிங்களா போவும்மா. கெழவனும் கெழவியும் முன்னாடி ஒக்காந்து சிரிச்சிக்கினே போவாங்க. நான் பொட்டிக்குள்ள ஒக்காந்துகினு கட்டையத் தூக்கி விடுவேன். ஒரு நாளு நானும் இந்தக் கட்டையத் தாண்டிப் போவணும்னு நெனச்சிக்கினே ரிட்டயர் ஆயிட்டேன்."

ஆனால் மதாமுக்கு இதில் இஷ்டமில்லை. ஒரே ஒரு பயணம் வருவார். பிடிக்கவில்லை என்றால் வண்டியை விற்றுவிட வேண்டும், மறுபேச்சு கூடாது. இதுதான் ஒப்பந்தம். சொல்லிவிட்டு டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒன்று உறுத்துகிறது. போன வாரம் மதாம் ஜிஸ்லேன் வந்து, உள்ளே வராமல் குடை பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். முசேயின் தோளுக்குத்தான் இருந்தார். தொட்டியும் அலமாரியும் முசேயின் உயரத்துக்கு வைத்திருக்கிறார்கள். யாரிடம் சொல்வது? நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஜனவரி 13, செவ்வாய்

சாமிக்கண்ணு அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "ஒட்ன பெறவு சொல்றியே" என்று திட்டிவிட்டு, ஒரு சாண் இறக்கி வைத்தார்.

ஜனவரி 17, சனி

மதாம் இன்று வண்டிக்குள் ஏறினார். தொட்டி முன்னால் நின்று கையை நீட்டிப் பார்த்தார். அலமாரிக் கதவைத் திறந்து மூடினார்.

"யார் இத எறக்கினது? எங்க வீட்டு முசேக்கு இந்த யோசன வராதே."

சாமிக்கண்ணு அண்ணன் வெல்டிங் கம்பியாலேயே என்னைக் காட்டினார். முகம் சுட்டது. ஓடிவிடலாம் போல இருந்தது.

பிறகு எங்கே போவது என்று பேச்சு வந்தது. கடற்கரையில் வண்டி நிறுத்திப் படுத்தால் போலீஸ் எழுப்பும். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. "தவளக்குப்பத்துக்கு அந்தாண்ட எங்க மாமா தோப்பு இருக்கு மதாம், உப்பங்கழி ஓரமா" என்றேன்.

"அப்ப நீயும் வா. இவரோட தனியா இருக்க எனக்குப் பயம்."

"முப்பத்தஞ்சு வருஷமா தனியாத்தானே இருக்க?" என்றார் முசே.

"அதான் பயம்."

மாமா வீடு என்பதால் அப்பா சரி என்றார்.

ஜனவரி 24, சனி

குடியரசு தினத்தோடு சேர்த்து மூன்று நாள். தோப்புக்கு வந்துவிட்டோம். வந்ததும் பின்சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. மாமா கோவிந்தசாமி தென்னை மட்டையை முட்டுக் கொடுத்து நாலு பேரைத் தள்ள வைத்தார்.

வண்டி மேல் நீளமாக ஒரு பலகை. பிரான்சில் இருக்கும் மகன் செத்ரிக் கப்பலில் சாமான்களோடு அனுப்பி வைத்தது. தண்ணீரில் போட்டு அதன் மேல் நின்று துடுப்புப் போட வேண்டுமாம். மாமா அதைத் தட்டிப் பார்த்து, "இவ்ளோ பெரிய இஸ்திரிப் பலகையா! யாரு வேட்டிக்கு?" என்றார். இன்னொன்றும் என் காதோடு கேட்டார்: "அம்மாம் பெரிய வீட்ட வச்சிக்கினு இந்த டப்பாவுல ஏன் படுக்கறாங்க?"

சாயங்காலம் கொசு. அடுப்பு காற்றில் அணைந்து அணைந்து போனது. மதாம் பிரெஞ்சில் கத்தினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கடைசியில் தமிழில் ஒன்று சொன்னார்: "வித்துடு."

முசே மதாமின் காலடியில் கொசுவத்தி ஏற்றி வைத்தார். அடுப்பைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்று பால் காய்ச்சினார். மதாமின் டம்ளரில் மட்டும் ஆடை எடுத்துவிட்டு ஊற்றினார். எங்கள் வீட்டில் அப்பா இப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மாமா வீட்டில் படுத்திருக்கிறேன். அவங்க வண்டிய விக்கக் கூடாது. எனக்கு என்ன வந்தது? தெரியல. விக்கக் கூடாது.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் போனால் வண்டி முன்னால் வரிசை! வெள்ளை வண்டி, திரை போட்ட ஜன்னல், படி. இலவசமாகக் கண் பார்க்கிற ஆஸ்பத்திரி வண்டி என்று நினைத்து ஊரே வந்துவிட்டது. பக்கத்துத் தெரு ஆயம்மா படியில் உட்கார்ந்து, கண்ணை விரலால் விரித்து மதாமிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"நான் டாக்டர் இல்லம்மா!"

"பரவால்ல, பாரு."

மதாம் பார்த்தார். அப்புறம் எல்லோருக்கும் அவர்கள் குடிக்கிற கடுங்காப்பியைப் போட்டுக் கொடுத்தார். ஆயம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "மருந்து கசக்குது, நல்ல மருந்துதான்" என்றார். மதாம் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முசே என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

பிறகு பலகை. முசே காக்கி டிரவுசரும் மிதவைச் சட்டையும் போட்டு ஏறினார், விழுந்தார். ஏறினார், விழுந்தார். கரையில் வரிசை அப்படியே உட்கார்ந்து பார்த்தது.

"இதான் பட்டாளத்துல கத்துக் குடுத்தாங்களா?" என்று மதாம் கத்தினார்.

"நீ வந்து நின்னு காட்டேன்!"

மதாம் எழுந்தார். அறுபத்திரண்டு வயது. கவுனை முட்டி மேல் முடிந்து, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். முட்டி போட்டார், ஒரு காலை ஊன்றினார், விழுந்தார். ஊரே ஓவென்று சிரித்தது. தலையை வெளியே எடுத்து, "என் கொண்ட கலஞ்சிடுச்சா?" என்றார்.

ஒன்றைக் கவனித்தேன். விழுந்து எழுந்ததும் அவர் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. யார் சிரிக்கிறார்கள் என்று தேடவில்லை. பலகை எங்கே போகிறது என்றுதான் பார்த்தார். நான் என்றால் முதலில் சிரித்த முகங்களைத்தான் தேடுவேன். காலேஜில் மூன்று வருஷம் 'யெஸ் சார்' தவிர வாய் திறக்கவில்லை. தப்பாகப் பேசினால்?

"நீ வரியா பாக்கியம்?"

"வேண்டாம் மதாம். பழக்கமில்ல."

"எனக்கு மட்டும் பழக்கமா?"

மாமா பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றே சொன்னேன்.

பொய்.

ஜனவரி 26, திங்கள்

தை அமாவாசை. விடியும்போதே கழியோரம் கூட்டம். எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு முழுகிக் கொண்டிருந்தார்கள். மதாம் அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் தள்ளிப் போய்ப் பலகையைத் தண்ணீரில் விட்டார். ஒருமுறை விழுந்தார். அடுத்த முறை நின்றார்.

நின்றேவிட்டார்.

முழங்கால் ஆடியது. துடுப்பை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போட்டார். பலகை மெதுவாக எதிர்க்கரைக்குப் போனது. முசே முழங்கால் தண்ணீரில் கூடவே ஓடினார். "கீழ பாக்காத! நேராப் பாரு!" ஆழம் வந்ததும் நின்றுவிட்டார். அதற்கு மேல் மதாம் தனியாகப் போனார். ஈரத் துணியோடு ஜனங்கள் அப்படியே நின்று பார்த்தார்கள். "படகுல நிக்கிற எங்காளு மாதிரியே நிக்கிதே அந்தம்மா" என்றார் மாமா.

மதாம் திரும்பி வந்தபோது முசே கை கொடுத்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். தண்ணீராகவும் இருக்கலாம்.

மத்தியானம் கிரகணம், அதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் சீக்கிரமே கிளம்பினோம். வழியெல்லாம் மதாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முசேயும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருக்கும்.

ஜனவரி 27, செவ்வாய்

ஒன்றுமில்லை. ஃபோன் வரும்போதெல்லாம் அவர்களோ என்று எடுத்தேன்.

ஜனவரி 29, வியாழன்

வண்டி பட்டறைக்கு வந்துவிட்டது. முசே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார். "எடுத்துக்கினு போன்னு சொன்னா. ஏன்னு சொல்லல. பின்னாடி வரேன்னா."

முதலாளி வண்டியைச் சுற்றி வந்தார். "விக்கறதுன்னா நானே ஆள் பாத்துத் தரேன் முசே." எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது.

மதாம் ஆட்டோவில் வந்து இறங்கினார். நேராகச் சாமிக்கண்ணு அண்ணனிடம் போனார். மேலே பலகையைக் கட்டுகிற கம்பி தனக்கு எட்டவில்லையாம். பக்கவாட்டில் வைக்க வேண்டும், தானே தூக்கி வைத்துத் தானே இறக்குகிற மாதிரி. இன்னொன்று, டிரைவர் சீட்டை முன்னால் தள்ள வேண்டும்.

"அத ஏன்?" என்றார் முசே.

"நான் ஓட்டக் கத்துக்கப் போறேன். எப்பவும் நீயே ஓட்டுவியா?"

முசே என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். டீ வந்தது. குடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார்.

மதாம் என் பக்கம் திரும்பினார். "அளவு நீ பாரு பாக்கியம். ஆம்பளைங்கள நம்ப முடியாது." டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

பிப்ரவரி 12, வியாழன்

காரைக்காலுக்குக் கிளம்பினார்கள். பலகை பக்கவாட்டில், மதாமின் இடுப்பு உயரத்தில். அவரே தூக்கி வைத்து வாரை இழுத்துக் கட்டினார். ஊரைத் தாண்டும்வரை முசே ஓட்டுவார், அப்புறம் மதாம் பழகுவாராம்.

"காரைக்கால்லேந்து ஒனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் மதாம்." வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

வண்டி கேட்டுக்குப் போனது. வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்ததால் நின்றது. நாற்காலியை விட்டு எழுந்தேன். நடந்தேன். "மதாம்!" என்றேன். இவ்வளவு சத்தமாக நான் யாரையும் கூப்பிட்டதில்லை. சாமிக்கண்ணு அண்ணனின் வெல்டிங் சத்தம் நின்றது. பின்னால் யார் யார் பார்த்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. மதாம் கண்ணாடியை இறக்கினார்.

"திரும்பி வந்ததும் என்ன ஒரு தடவ அந்தப் பலகையில ஏத்தி விடுவீங்களா மதாம்? எனக்கும் விழணும்."