தாத்தாவின் பதிவில் ஒரு காலியிடம்

வெள்ளி இரவு.

தாத்தாவின் பிறப்புப் பதிவு ஒருவழியாகக் கிடைத்தது. அவருடைய அப்பா பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் ஜமுனாமரத்தூர் அலுவலகத்துக்கு அத்தனை நடை. நகலில் தாயின் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. அப்பாவிடம் இதை எப்படிக் காட்டுவது?

முதலில் மல்லிகாவிடம் காட்டினேன். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இதுக்கா மூஞ்ச தொங்கப்போட்டுனு வந்தீங்க? தகவல் குடுத்தது தாயாருன்னு போட்டிருக்குது பாருங்க. புருஷன் பேர வாயால சொல்லுமாங்க? எழுதுறவரு கேட்டிருப்பாரு, அந்தம்மா தலைய குனிஞ்சினு நின்னிருக்கும்."

இவளும் கல்யாணமான நாளிலிருந்து என்னை "இன்னாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை!

தாத்தாவின் தங்கை பிறந்த பதிவும் பையில் இருந்தது. இருந்த கலக்கத்தில் அதை நான் பார்க்கவே இல்லை. மல்லிகாவே எடுத்து வாசித்தாள்.

"இதுல தகவல் குடுத்தது கொழந்தையோட அத்தைங்க. அவங்க சொல்லிடுவாங்க இல்ல? தோ, எழுதியிருக்குது. தகப்பன் பேரு..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். உதட்டைக் கடித்துச் சிரித்தபடி தாளை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே படிச்சிக்கோங்க."

வேடியப்பன். குலசாமி பெயர் என்று சொல்லி எனக்கு வைத்த அதே பெயர்.

அப்பா தூங்கியிருப்பார். பரவாயில்லை, எழுப்பப் போகிறேன்.