தெரியாத ஆளிடமிருந்து மெயில்

2007 ஜூன் 11, திங்கள்

பள்ளி திறந்த முதல் நாளே தலைவலி. மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பள்ளி இருக்கிற கடலோரத் துறைக்கு இன்னொரு பஸ். வந்து இறங்கும்போதே பாதி ஜீவன் போய்விடுகிறது. லீவில் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது, இன்றைக்குத் திரும்பவும் வந்தாயிற்று.

பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியர் ஞானதாசன் சார் கூப்பிட்டு ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். இன்டர்நெட் உள்ள பள்ளிகள், பிள்ளைகள் அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த விதிமுறை எழுதி லேபில் ஒட்ட வேண்டுமாம். "கம்ப்யூட்டர் நீங்கதான டீச்சர்" என்றார். நான் கணக்கு டீச்சர். என்றைக்கோ பத்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததற்கு இன்னும் தண்டனை முடியவில்லை.

மறுக்கவும் முடியாது. போன மார்ச்சில் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையன், லாட்டரி விழுந்திருக்கிறது என்று வந்த மெயிலை நம்பி வீட்டு விலாசம், அப்பாவின் பேங்க் நம்பர் எல்லாம் எழுதி அனுப்பிவிட்டான். இன்னொருவன் திறந்த மெயிலில் வைரஸ் வந்து, ஆறு கம்ப்யூட்டரில் ரெண்டு அன்றைக்குப் படுத்ததுதான், இன்னும் எழும்பவில்லை.

ஜூன் 14

விதிமுறை எழுதி முடித்தேன். பாதி சுற்றறிக்கையைப் பார்த்து, பாதி என் புத்தியில் தோன்றியது. மொத்தம் ஒன்பது. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது, இது ரெண்டாவது. தெரியாதவரிடமிருந்து வரும் மெயிலைத் திறக்கக் கூடாது, உடனே அழித்துவிட வேண்டும். இது ஐந்தாவது. வீட்டு விவரம், போட்டோ, ஆவணம் எதையும் மெயிலில் அனுப்பக் கூடாது. இது ஏழாவது. இப்படி.

ஞானதாசன் சார் படித்துவிட்டு, "அஞ்சும் ஏழும் பெரிய எழுத்துல வரட்டும்" என்றார். மார்ச்சில் அந்தப் பையனின் வீட்டுக்குப் போய் அவனுடைய அம்மாவின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு வந்தவர் அவர்தான்.

ஜூன் 22, வெள்ளி

லேப் பீரியட். ஒன்பதாம் வகுப்பு. ஒரு கம்ப்யூட்டருக்குப் பத்துப் பிள்ளைகள். போன வருஷம் நானே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஒரு மெயில் ஐடி தொடங்கிக் கொடுத்தேன். இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளின் அப்பா வளைகுடாவில் அறபி முதலாளியின் படகில் மீன்பிடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அப்பாவிடமிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே காய்ச்சலோடு வருகிற பிள்ளைகள் உண்டு.

விதிகளைப் பத்துத் தடவை எழுதச் சொன்னேன். பிறகு சத்தமாகச் சொல்லச் சொன்னேன். ஜெபம் மாதிரி ராகம் போட்டுச் சொன்னார்கள். "உங்க பேரு, அப்பா பேரெல்லாம் போட்டே வரும், ஏமாறக் கூடாது" என்று நாலைந்து தடவை சொன்னேன். தொண்டை கட்டிக்கொண்டது. ஜெமி என்ற பிள்ளை மட்டும் ஒரு வரி விடாமல் முத்து முத்தாக எழுதியிருந்தாள்.

ஜூலை 6

மூணாவது கம்ப்யூட்டரும் மூச்சை நிறுத்திவிட்டது. வேறொன்றும் இல்லை.

ஜூலை 20, வெள்ளி

லேபில் ஜெமி எழுந்து, "மிஸ், தெரியாத ஆளு மெயில். முன்னயும் ஒரு தடவ வந்து. ரூல் அஞ்சு, அழிச்சிட்டேன்" என்றாள். எல்லாரையும் கை தட்டச் சொன்னேன். நாப்பது பிள்ளைகளில் ஒன்றாவது சொன்னதைக் கேட்கிறதே என்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கீரிப்பாறையிலிருந்து வரவில்லை. ரப்பர் ஃபேக்டரியில் மிஷின் ரிப்பேராம், அங்கேயே தங்கிவிட்டார். தனியாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3

ஜெமி எழுத்து கலைந்துபோயிருக்கிறது. கணக்கில் எப்போதும் தொண்ணூறுக்குக் கீழே வராதவள், இந்தத் தடவை நாப்பத்தொன்று. கேட்டால் தலையைக் குனிகிறாள். கேட்பதற்கு எனக்கும் தெம்பு இல்லை. இருபது பேப்பர் இன்னும் திருத்தக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 10, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பெல் அடித்து எல்லாரும் போன பிறகு ஜெமி மட்டும் நின்றாள். "மிஸ், அழிச்ச மெயில் திரும்ப வருமா?"

என்ன விஷயம் என்று கேட்டேன். அவள் அப்பா கபிரியேல் பஹ்ரைனில் படகுக்குப் போகிறவர். ஒன்றரை மாதமாகப் பேச்சே இல்லை. பக்கத்து வீட்டு போனுக்குத்தான் பேசுவாராம். அந்த போன் ஜூனிலேயே கட்டாகிவிட்டது, அதனால்தான் கூப்பிடவில்லை என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். நேற்று அறபியின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டதற்கு, படகே திரும்பி வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டானாம்.

"மூணு மெயில் வந்து மிஸ். ஒரே ஆளு. ஷாஜின்னு பேரு. சப்ஜெக்டுல கபிரியேல்னு போட்டிருந்து. போன வாரமும் அழிச்சேன்."

"அப்பா பேரு இருந்தும் ஏம்ட்டி திறக்கல?"

"பேரு போட்டு ஏமாத்துவாங்கன்னு நீங்க சொன்னியல்லா."

"அப்பா ஐடி எது, தெரியாதா உனக்கு?"

"எனக்க அப்பாக்கு ஐடி ஒண்ணும் இல்ல மிஸ். கடல்லேருந்து வந்தா, ரூம்ல ஆருட்ட கம்ப்யூட்டர் இருக்கோ அவங்களுக்க ஐடியிலேருந்து போடச் சொல்லுவாவ. ஒரு மாசம் ஒரு பேரு, அடுத்த மாசம் வேற பேரு. இங்க எல்லாருக்க அப்பாவும் அப்படித்தான்."

"பின்ன ரூல் சொல்லும்போதே இத ஏன் சொல்லல?"

"கேட்டா நீங்க ஏசுவியன்னு நினைச்சேன்."

இத்தனை வருஷம் இந்தக் கரைக்கு வந்து போகிறேன். இங்கே அப்பாக்கள் எல்லாரும் தெரியாத ஆளின் பெயரில்தான் எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை பிள்ளைகள் எத்தனை மெயிலை அழித்தார்களோ. அதற்கு நான் கை தட்டச் சொன்னேன். ஐயோ, கை தட்டச் சொன்னேனே.

குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். முதல் ரெண்டும் தானாகவே அழிந்துபோயிருந்தன. மூன்றாவது மட்டும் கிடந்தது. நாலு வரி இங்கிலீஷ். எல்லை தாண்டியதாகப் பக்கத்து நாட்டில் படகைப் பிடித்துவிட்டார்கள். கபிரியேல் காவலில் இருக்கிறார், வலது கையில் அடி. பாஸ்போர்ட் அறபியிடம் மாட்டிக்கொண்டது. அவருடைய பாஸ்போர்ட் நகலும் ரேஷன் கார்டு நகலும் இருபதாம் தேதிக்குள் வந்தால்தான் அந்தத் தவணையில் வழக்கு முடியும். கூடப் பிடிபட்ட குளச்சல் ஆட்கள் ரெண்டு பேருக்கும் வீட்டிலிருந்து காகிதம் வந்துவிட்டது, அவர்கள் போகப்போகிறார்கள். "இது மூன்றாவது கடிதம். வீட்டில் யாரும் இல்லையா?" என்று முடித்திருந்தார்.

ஜெமி அழவில்லை. நான்தான்.

ஆகஸ்ட் 11, சனி

லீவு நாளானாலும் ஞானதாசன் சாரை வரச் சொல்லி, ஜெமியையும் அவள் அம்மா வியாகுலம்மாளையும் கூட்டிக்கொண்டு போனேன். பாஸ்போர்ட் நகல் வீட்டில் இருந்தது. பள்ளி ஸ்கேனரில் எடுத்து உடனே அனுப்பலாம் என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏழாவது ரூலை எழுதினது நீங்கதான டீச்சர்? யாருன்னே தெரியாத ஒருத்தனுக்குப் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்றீங்க. படகு காணாமப் போனதைக் கேள்விப்பட்டு எவனாவது விளையாடுறானோ என்னவோ. மார்ச்சுல ஏச்சு வாங்கினது போதாதா எனக்கு?"

கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பு என்ன? எனக்கும் அந்தச் சந்தேகம் ராத்திரி பூராவும் இருந்தது. அனுப்பினாலும் பயம், அனுப்பாவிட்டாலும் பயம்.

வியாகுலம்மாள் மீன் சந்தையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். "டீச்சரே, எங்க வீட்டுக் கிடாவுக்கு என்ன பேருன்னு அந்த ஆளுட்ட கேளுங்க. பேரு வச்சது அவருதான். வீட்டுக்கு வெளிய நாங்க சொன்னதில்ல. அவரு உசிரோட அந்த ஆளுக்கப் பக்கத்துல இருந்தா பதில் வரும்."

"சரி, என்ன பேரு?" என்றார் சார்.

வியாகுலம்மாள் ஜெமியைப் பார்த்தாள். ஜெமி தரையைப் பார்த்தாள். "மெயில் வரட்டு சார்" என்றாள் வியாகுலம்மாள்.

அப்படியே எழுதி அனுப்பினோம்.

ஆகஸ்ட் 12

ஞாயிறு. ஆராதனையில் பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. மத்தியானம் வீட்டில் இவரிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீ ரூல் எழுதினது மயிலாடிக்கு. துறைக்கு இல்ல" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே போய்ச் சாயா போட்டுக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

இடைவேளைக்கெல்லாம் லேபுக்கு ஓடினேன். மூன்று மணிக்கு வந்தது. சார் தானும் பார்க்க வேண்டும் என்று பின்னால் வந்து நின்றார். ஜெமியும் இருந்தாள். நான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். முதல் வரியோடு நிறுத்திவிட்டேன்.

"கபிரியேலிடம் கேட்டேன். முதலில் சிரித்தார், பிறகு அழுதார். கிடாவின் பெயர் ஞானதாசன். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார்."

சார் குனிந்து, திரையில் இருந்ததை அவரே ஒரு தடவை படித்தார். 

"அனுப்புங்க டீச்சர்" என்றார்.

வாசல் வரை போனவர் திரும்பி, "ஏம்ட்டி, அது முட்டுமா?"

"முட்டும் சார்."

ஆகஸ்ட் 24, வெள்ளி

காகிதம் போய்ச் சேர்ந்தது, ஆனால் அந்தத் தவணைக்கு எடுத்துக்கொள்ளவில்லையாம். அரபு மொழியில் பெயர்த்து முத்திரை வாங்க நாள் பற்றவில்லை. அடுத்த தவணை எப்போது என்று ஷாஜிக்கும் தெரியவில்லை. அவர் அங்கே ஒரு கடையில் வேலை பார்க்கிறார், லீவு கேட்டு வாங்கித்தான் காவலில் இருப்பவர்களைப் பார்க்கப் போக முடிகிறது. குளச்சல்காரர்கள் ரெண்டு பேரும் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

முதல் மெயிலை ஜூலை ஆறாம் தேதியே திறந்திருந்தால் கபிரியேலும் அவர்களோடு வந்திருப்பார். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. வியாகுலம்மாள்கூடச் சொல்லவில்லை. நேற்று பஸ் ஸ்டாப்பில் பார்த்து, "சாப்பிட்டியளா டீச்சரே" என்று கேட்டாள். ஏசியிருந்தால் தேவலை.

லேபில் ஐந்தாவது விதியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி மாற்றி எழுதினேன். தெரியாதவரிடமிருந்து மெயில் வந்தால் திறக்காதே, அழிக்காதே. கையைத் தூக்கு. டீச்சர் வந்து பார்ப்பார்.

ஆகஸ்ட் 31

பதினேழு கை.

ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் குனிந்து குனிந்து பார்த்து முதுகு போய்விட்டது. பதினொன்று அப்பாக்கள். நாலு விளம்பரம். ரெண்டு லாட்டரி.

ஜெமி கை தூக்கவில்லை. அவள் மெயிலைத் திறப்பதே இல்லை. ஷாஜியின் மெயில்களை நான்தான் பார்த்து அவளுக்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னால் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறாள்.

அக்டோபர் 9

ஷாஜியிடமிருந்து ஒரு வரி: தவணை மறுபடியும் தள்ளிப்போயிற்று. இதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து மூன்று பீரியட் பாடமே நடத்தவில்லை. சொன்னேன். "சரி மிஸ்" என்றாள். எதைச் சொன்னாலும் சரி மிஸ். அவள் ஒரு தடவையாவது என்னை எதிர்த்துப் பேச மாட்டாளா என்று இருக்கிறது.

டிசம்பர் 20, வியாழன்

கபிரியேல் வந்துவிட்டார். வழக்கு ஒருவழியாக முடிந்து, நேற்று திருவனந்தபுரத்தில் இறங்கினாராம்.

டிசம்பர் 21

பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா. கபிரியேல் வந்திருந்தார். மெலிந்த மனிதர், வலது கையில் ரெண்டு விரல் மடங்கவில்லை.  மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாலு மாதமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்ததில் ஒரு வார்த்தை வரவில்லை. "என்னாலதான் இத்தனை மாசம்..." என்று மட்டும் சொன்னேன்.

"பிள்ளை எல்லாம் சொன்னா டீச்சரே. நீங்க சொன்னத அவ கேட்டா. கேட்காத பிள்ளையா இருந்தா அதுக்கும் நான் வருத்தப்பட்டிருப்பேன்" என்றார். ஆறுதலா, குத்தலா? இப்போதும் தெரியவில்லை.

ஞானதாசன் சார் வந்து, "கிடா எப்படி இருக்கு?" என்று கேட்டார். கபிரியேல் ஜெமியைத் திரும்பிப் பார்த்தார். "பேரு மாத்தியாச்சு சார்." "என்ன பேரு?" கடைசி வரை சொல்லவில்லை. ஜெமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

2008 ஜனவரி 25

கபிரியேல் திரும்பவும் போகிறார். வேறு அறபி. அந்தக் கையோடா என்று கேட்டேன். "வேற என்ன தெரியும் டீச்சரே எனக்கு" என்றார்.

லேபுக்கு வரவழைத்து, அவர் பெயரிலேயே ஒரு ஐடி தொடங்கிக் கொடுத்தேன். பாஸ்வேர்டு என்ன வேண்டும் என்று கேட்டதும் சத்தமாகச் சொல்ல வாயைத் திறந்தார். நாப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் ரூல் ரெண்டு என்று கத்தினார்கள். மனிதர் பயந்தே போய்விட்டார். மடங்காத விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார்.

பிப்ரவரி 15, வெள்ளி

கடைசி பீரியட். வரிசையாகக் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசிக் கம்ப்யூட்டரில் ஒரு கை. ஜெமி.

மெயில், அனுப்பியவர் கபிரியேல். அவருடைய சொந்த ஐடி.

"அப்பாதானே மக்கா, திற" என்றேன்.

"ஏன் மிஸ் திறக்கணும்?" என்றாள்.

 அவள் நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "பேரு அப்பாக்க பேருதான். அப்பாதானான்னு எப்படித் தெரியும்? பாஸ்வேர்டு கண்டுபிடிச்சு வேற ஆரும் போட்டிருந்தா? மொதல்ல நான் ஒண்ணு கேட்கேன் மிஸ்."

அந்த மெயிலைத் தொடாமல் புதிதாக ஒன்று எடுத்து, அப்பாவின் விலாசத்துக்குத் தானே டைப் அடித்தாள். கிடாவுக்கு இப்ப என்ன பேரு?

பெல் அடித்தது. மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். அங்கே வெள்ளிக்கிழமை லீவு, ஆள் ரூமில்தான் இருப்பார், பதில் வந்தாலும் வரும் என்றாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன். நாலரை பஸ் போய்விட்டது.